போர்டு வாங்கும் முன் டீபக் பின்னைத் தேடுங்கள்

காலாப்பட்டிலும் கடலூரிலும் படிக்கிற பிள்ளைகள் புராஜெக்டுக்கு போர்டு வாங்கும்போது மெகாஹெர்ட்ஸையும் விலையையும்தான் பார்க்கிறார்கள். எம்பெடட் (கருவிக்குள் இருக்கும் சிறு சிப்புக்கு புரோகிராம் எழுதுவது) கற்றுக்கொள்ள அவை இரண்டும் பெரிய விஷயமே இல்லை. ஓடுகிற புரோகிராமை நடுவில் நிறுத்தி வேரியபிளையும் ரெஜிஸ்டரையும் (சிப்புக்குள் இருக்கும் சிறு நினைவிடம்) பார்க்க, அதாவது டீபக் செய்ய, முடியுமா? முதலில் கேட்க வேண்டியது இதுதான்.

ஆர்டுயினோ ஊனோ ஆர்3-இல் அது சிரமம். அதிலிருக்கும் ஏடிமெகா328பி சிப்பை டீபக் செய்ய ரீசெட் பின் வழியே போகும் டீபக்வயர் என்ற ஒற்றைக் கம்பி முறை ஒன்றே வழி. அந்த பின்னில் 100 நானோஃபாரட் கெபாசிட்டர் இருப்பதால், போர்டில் ஒரு ட்ராக்கை வெட்டினால்தான் வேலை நடக்கும். யாரும் வெட்டுவதில்லை, சீரியல் பிரிண்ட்டோடு (மதிப்புகளைக் கம்ப்யூட்டர் திரைக்கு அனுப்பிப் பார்ப்பது) நின்றுவிடுகிறார்கள். ஆனால் நேரம் பிசகுவதால் வரும் பிழை, பிரிண்ட் வரியைச் சேர்த்ததும் மறைந்துபோகும். எடுத்ததும் திரும்ப வரும்.

என் தேர்வு எஸ்டிஎம்32 சிப் உள்ள நியூக்ளியோ-எஃப்446ஆர்இ போர்டு. கார்டெக்ஸ்-எம்4, 180 மெகாஹெர்ட்ஸ், 512 கேபி ஃபிளாஷ், 128 கேபி ராம். எஸ்டி-லிங்க் டீபக்கர் போர்டிலேயே இருக்கிறது. மின்சாரம், ஃபிளாஷ், டீபக், சீரியல் எல்லாம் ஒரே மினி-யுஎஸ்பி கேபிளில் முடிந்துவிடும். கார்டெக்ஸ் வரிசையின் எம்3, எம்4 சிப்களில் இன்னொரு பெரிய வசதி: ஹார்ட்ஃபால்ட்டில் (புரோகிராமின் தவறால் சிப் மேலே ஓட முடியாத நிலை) மாட்டினால் காரணத்தை சிஎஃப்எஸ்ஆர் ரெஜிஸ்டர் சொல்லும். அப்போது ஸ்டாக் என்ற நினைவகப் பகுதியில் எட்டு வேர்டு சேமிக்கப்பட்டிருக்கும்; ஏழாவது பிசி, அதாவது புரோகிராம் எந்த இடத்தில் இருந்தது என்ற முகவரி. அந்த முகவரியை மேப் ஃபைலில் (ஃபங்ஷன்களின் முகவரிப் பட்டியல்) தேடினால் எந்த ஃபங்ஷனில் விழுந்தது என்று தெரிந்துவிடும்.

கையில் காசு குறைவென்றால் ராஸ்பெரி பை பைகோ இரண்டு வாங்குங்கள். ஒன்றில் டீபக்புரோப் ஃபர்ம்வேரை ஏற்றினால் அதுவே டீபக்கர். அதன் ஜிபி2 பின்னை மற்றதன் டீபக் பின்களில் எஸ்டபிள்யூசிஎல்கே-க்கும், ஜிபி3-ஐ எஸ்டபிள்யூடிஐஓ-வுக்கும், கிரவுண்டை கிரவுண்டுக்கும் கொடுங்கள். சீரியலும் வேண்டுமென்றால் ஜிபி4-ஐ மற்றதன் ஜிபி1-க்கும், ஜிபி5-ஐ ஜிபி0-க்கும். மின்சாரத்துக்கான விஎஸ்ஒய்எஸ் பின் இரண்டையும் இணைத்தால் இரண்டாவது போர்டுக்கு யுஎஸ்பி குத்தக் கூடாது. ஒரு குறை உண்டு: பைகோவில் இருக்கும் ஆர்பி2040 சிப் கார்டெக்ஸ்-எம்0+ வகை, அதில் சிஎஃப்எஸ்ஆர் கிடையாது. ஹார்ட்ஃபால்ட் வந்தால் காரணத்தை நீங்களேதான் தேட வேண்டும்.

புளூ பில் என்ற எஸ்டிஎம்32 போர்டு மலிவு. ஆனால் அதில் போலிச் சிப்கள் நிறைய வருவதால் டீபக் மென்பொருளான ஓப்பன்ஓசிடி, சிப்பின் அடையாள எண் (ஐடிகோடு) ஒத்துவரவில்லை என்று நின்றுவிடலாம். முதல் போர்டாக அது வேண்டாம்.

எஸ்டிஎம்32-இல் புதியவர்கள் எல்லோரும் விழும் குழி ஒன்று: பின்களை அமைக்கும் மென்பொருளான கியூப்எம்எக்ஸில் டீபக்கை 'சீரியல் வயர்' என்று வைக்க மறப்பது. டீபக் பின்களான பிஏ13, பிஏ14 வேறு வேலைக்குப் போய்விட்டால், அடுத்த முறை ஃபிளாஷ் செய்யும்போது போர்டு பதிலே தராது. போர்டு செத்துவிடவில்லை. ரீசெட் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு இணைப்பைத் தொடங்கி, அப்புறம் விடுங்கள். அல்லது ஃபிளாஷ் செய்யும் மென்பொருளில் 'கனெக்ட் அண்டர் ரீசெட்' தேர்ந்தெடுங்கள்.

அடுத்த செலவு எட்டு சேனல், 24 மெகாஹெர்ட்ஸ் லாஜிக் அனலைசர் (கம்பியில் போகும் சிக்னலைப் பதிவு செய்யும் கருவி), அதற்கு பல்ஸ்வியூ மென்பொருள். விண்டோஸில் ஸாடிக் என்ற மென்பொருளை வைத்து வின்யுஎஸ்பி டிரைவர் போட வேண்டும். சிப்கள் பேசிக்கொள்ளும் முறைகளில் ஒன்றான ஐ2சி-யில், 400 கிலோஹெர்ட்ஸில், ஒரு கிளாக்குக்கு 60 சாம்பிள் கிடைக்கும், தாராளம். இன்னொரு முறையான எஸ்பிஐ-க்கு 8 மெகாஹெர்ட்ஸில் மூன்றுதான். அதை நம்பாதீர்கள், எஸ்பிஐ-யை 1 மெகாஹெர்ட்ஸுக்கு இறக்கிவிட்டுப் பாருங்கள். எம்பியு6050 அசைவு சென்சார் ஐ2சி-யில் பதில் தரவில்லையா? முகவரி ஹெக்ஸில் 68. கம்பியில் 34 என்று தெரிந்து நாக் (பதில் இல்லை என்ற சிக்னல்) வந்தால், எஸ்டிஎம்32-இன் ஹால் லைப்ரரி ஃபங்ஷனுக்குக் கொடுக்கும்போது ஒரு பிட் இடப்பக்கம் தள்ள மறந்திருக்கிறீர்கள். முகவரி சரியாக இருந்தும் லைன் மேலே எழவில்லை என்றால் அதை மேலே இழுக்கும் 4.7 கிலோஓம் புல்-அப் ரெசிஸ்டர் இருக்கிறதா பாருங்கள்.

நம் ஊருக்கென்று ஒரு தொல்லை, உப்புக்காற்று. தேவனாம்பட்டினம், வீராம்பட்டினம் பக்கம் திறந்த மேசையில் கிடக்கும் ஜம்பர் வயரின் முனையும் ஹெடர் பின்னும் சீக்கிரம் கறுக்கும். டீபக்கர் விட்டுவிட்டு அறுந்தால் புரோகிராமைத் தொடும் முன் வயரை மாற்றுங்கள், 15 செ.மீ.க்குள் வையுங்கள், டீபக் இணைப்பான எஸ்டபிள்யூடி-யின் வேகத்தை 4-இலிருந்து 1 மெகாஹெர்ட்ஸாகக் குறையுங்கள். பின்களை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, சிலிகா ஜெல் பொட்டலத்தோடு மூடி இறுகும் டப்பாவில் போட்டு வையுங்கள்.

சென்னை ரிட்ச்சி தெருவுக்கு யாராவது போனால், தொடர்ச்சி சோதிக்கும்போது பீப் அடிக்கும் மல்டிமீட்டர் ஒன்றும், டேட்டா போகும் மினி, மைக்ரோ யுஎஸ்பி கேபிள் ஒவ்வொன்றும் வாங்கிவரச் சொல்லுங்கள். கேபிளைக் கடையிலேயே ஒரு லேப்டாப்பில் குத்திப் பார்த்து வாங்க வேண்டும். சார்ஜ் மட்டும் ஏறும் கேபிளில் போர்டு விளக்கு எரியும், கம்ப்யூட்டருக்கு மட்டும் போர்டு தெரியாது.