தரங்கம்பாடி: ஒரே தெருவில் இரண்டு ஆலயங்கள்

தரங்கம்பாடியில் பழைய டேனிஷ் கோட்டை வாயிலைத் தாண்டினால் கிங்ஸ் தெரு நேராகக் கடலைப் பார்த்துப் போகிறது. அந்த ஒரே தெருவில் இரண்டு ஆலயங்கள். டேனிஷ்காரர்கள் தங்களுக்கென்று 1701இல் கட்டிக்கொண்ட சீயோன் ஆலயம் ஒன்று. தமிழ்ச் சபைக்காக ஜெர்மானிய லுத்தரன் மிஷனரி சீகன்பால்க் கட்டி 1718இல் பிரதிஷ்டை செய்த புதிய எருசலேம் ஆலயம் மற்றது. 1845இல் இந்த ஊர் ஆங்கிலேயர் கைக்கு விலைக்குப் போனது. அதன்பின் சீயோன் ஆங்கிலிகன் ஆலயமாகி, இன்று சி.எஸ்.ஐ. என்னும் தென்னிந்தியத் திருச்சபையின் கையில் இருக்கிறது. புதிய எருசலேம் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையுடையது. ஒரு வாசலிலிருந்து மறு வாசலுக்கு மெதுவாக நடந்தாலும் சில நிமிடம்தான் ஆகும்.

இங்கே வருகிறவர்களில் பெரும்பாலோர் சீகன்பால்கை நினைத்தே வருகிறார்கள். 1706 ஜூலை 9ஆம் தேதி அவரும் உடன் வந்த மிஷனரி புளூட்சோவும் கரையிறங்கிய இடம், தமிழில் புதிய ஏற்பாடு அச்சேறிய ஊர், அவருடைய கல்லறை. இதெல்லாம் எங்கள் மனதிலும் இருந்தது. ஆனால் மதுரையிலிருந்து எங்கள் சிறிய குழு கிளம்பியதற்கு முக்கியக் காரணம் 1919ஆம் ஆண்டு மே 1, 2 தேதிகள்.

அந்த இரண்டு நாட்கள் இந்த ஊரில் 33 பேர் கூடியிருந்தார்கள். இருவரைத் தவிர எல்லாரும் இந்தியர்கள். ஆங்கிலிகன் சபையின் தோர்ணக்கல் பேராயர் அசரியாவும் தென்னிந்திய ஐக்கிய சபையின் சந்தியாகு ஐயரும் முன்னின்றார்கள். சுவிசேஷ ஊழியத்தை எப்படி முன்னெடுப்பது என்று பேசத்தான் வந்திருந்தார்கள். பேசப் பேச, கூடவே நின்று வேலை செய்யும் சகோதரனோடு ஒரே திருவிருந்துப் பந்தியில் அப்பமும் திராட்சரசமும் எடுக்க முடியவில்லையே என்பது அவர்களை உறுத்தியது. அங்கிருந்து வெளியான அறிக்கை இன்று படித்தாலும் சுடுகிறது. இந்தப் பிரிவினைகள் எங்களைப் பலவீனப்படுத்துகின்றன, இவற்றை நாங்கள் உண்டாக்கவில்லை, வெளியிலிருந்து எங்கள்மேல் சுமத்தப்பட்டவை இவை, இவற்றை நீடிக்கவிட எங்களுக்கு விருப்பமில்லை என்று சொன்னார்கள்.

அதற்கப்புறம் 28 வருடம் பேச்சுவார்த்தை நடந்தது. பேராயர் கைவைத்து அபிஷேகம் செய்யாத போதகரை ஏற்பதா வேண்டாமா என்ற ஒரு கேள்வியே எத்தனையோ கூட்டங்களைத் தின்றது. கடைசியில் 1947 செப்டம்பர் 27ஆம் தேதி சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. ஆங்கிலிகன், மெதடிஸ்ட், பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபுகள் ஒரே சபையாயின. வெள்ளாளன்விளையில் பிறந்து, இதற்காகவே உழைத்த அசரியா அதைப் பார்க்கவில்லை. 1945 ஜனவரி 1ஆம் தேதியே கர்த்தரிடம் போய்விட்டார்.

எனக்கு இது ஏட்டுச் சரித்திரம் இல்லை. என் அம்மா நாசரேத்தில் பிறந்தவர், ஆங்கிலிகன் வழி வந்த குடும்பம். அப்பா வீட்டார் மதுரையில் அமெரிக்க மிஷனால் வந்த காங்கிரிகேஷனல்காரர்கள். அம்மாவுக்கு நற்கருணை என்றால் பலிபீடத்தின் முன் முழங்காலில் நின்று வாங்குவது. அப்பாவைப் பெற்ற ஆச்சிக்கோ உட்கார்ந்த இடத்துக்கே சின்னக் கிண்ணங்கள் வரும் பழக்கம். கல்யாணமாகி வந்த புதிதில் அம்மா ஆலயத்தில் அழுதிருக்கிறார். ஆச்சி அவரைச் சமாதானம் செய்யவில்லை. அடுத்த ஞாயிறு பக்கத்தில் உட்காராமல், அம்மாவோடு சேர்ந்து முழங்காலில் நின்றார். முட்டிவலிக்காரர். அதை அம்மா இன்றைக்கும் சொல்லுவார். சபைகளின் ஐக்கியம் என்றால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது ஆச்சியின் அந்த முழங்கால்தான்.

மயிலாடுதுறை வரை ரயில், அங்கிருந்து பஸ். திருக்கடையூர் தாண்டியதும் காற்றில் உப்பு தெரிய ஆரம்பித்தது. ஆகஸ்ட் கடைசி வாரம் என்பதால் கிழக்குக் கடற்கரைச் சாலை முழுவதும் வேளாங்கண்ணி பாதயாத்திரைக்காரர்கள். காவி உடை, தோளில் துண்டு, கூட்டத்துக்கு நடுவே மாதா சொரூபம் வைத்த சிறு சப்பரம், மைக்கில் ஜெபமாலை. 29ஆம் தேதி கொடியேற்றத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்ற வேகம். தரங்கம்பாடியிலிருந்து அவர்களுக்கு இன்னும் சுமார் 45 கிலோமீட்டர் இருக்கிறது.

ஞாயிறு காலை புதிய எருசலேம் ஆலயத்தில் ஆராதனை. வெளியே டேனிஷ் அரசனின் முத்திரை பதித்த முகப்பு, உள்ளே நாலு பக்கமும் சமமாக விரியும் சிலுவை வடிவம். பலிபீடத்தின் அருகே சீகன்பால்கின் கல்லறையும், அவரோடு உழைத்த கிரண்ட்லரின் கல்லறையும். 36 வயதில் இறந்துபோனவர் சீகன்பால்க். கீர்த்தனை தொடங்கியதும் எங்களுக்குப் புத்தகம் தேவைப்படவில்லை. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் பாட்டுக்கு எந்தச் சபை வேலியும் கிடையாது, லுத்தரனும் பாடுவார், சி.எஸ்.ஐ.யும் பாடுவார், பெந்தெகொஸ்தே வீட்டுப் பாட்டியும் பாடுவார். திருவிருந்து நேரத்தில் நாங்கள் தயங்கி உட்கார்ந்திருந்தோம். பக்கத்து இருக்கையில் இருந்த அம்மாள் என் கையைத் தொட்டு, "வாங்கம்மா, ஏன் உட்கார்ந்துட்டீங்க?" என்றார். போனோம். 1919இல் இந்த ஊரில் கூடியவர்கள் எதற்காக ஏங்கினார்களோ அது எனக்கு ஒரு கைதொடலில் கிடைத்துவிட்டது. இருக்கைக்குத் திரும்பி வந்தபின் நெடுநேரம் என்னால் தலை நிமிர முடியவில்லை.

ஆனால் அந்த ஆலயத்தில் உட்கார்ந்து இன்னொன்றையும் யோசிக்காமல் இருக்க முடியாது. 18ஆம் நூற்றாண்டில் இதே கூரையின் கீழ் சாதிப்படி தனித்தனியே உட்கார்ந்தார்கள். 1919 அறிக்கை, பிரிவினைகள் வெளியிலிருந்து வந்தவை என்கிறது. ஆங்கிலிகன், லுத்தரன் என்ற பிரிவுகளுக்கு அது சரி. சாதி வெளியிலிருந்து வரவில்லை. அதை நாம்தான் ஆலயத்துக்குள் கொண்டுவந்தோம், நாம்தான் காப்பாற்றிக்கொண்டிருக்கிறோம். இன்றும் சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்துக்குள் சுவர் நிற்கிறது. நாலு மிஷன்கள் கலந்து ஒரு சபை ஆக 28 வருடம் போதுமானதாக இருந்தது. இதற்கு 300 வருடம் போதவில்லை. "அவர்களெல்லாரும் ஒன்றாயிருக்கவும்" என்று ஆண்டவர் வேண்டிக்கொண்ட யோவான் 17ஆம் அதிகாரத்தைச் சபைப் பிரிவுகளுக்கு மட்டும் என்று சுருக்கிப் படிக்க நமக்கு உரிமை இல்லை என்றே நினைக்கிறேன்.

ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது அந்த அம்மாள், "மெயின் ரோட்டுல தண்ணீர்ப் பந்தல் போட்டிருக்கோம், கை குறையுது, வர்றீங்களா?" என்று கேட்டார். கோட்டை பார்க்க, அருங்காட்சியகம் பார்க்க என்று வைத்திருந்த மத்தியானம் அப்படியே பந்தலுக்குப் போனது.

கீற்றுப் பந்தல். நீர்மோர் ஒரு அண்டா, எலுமிச்சைச் சாறு ஒரு அண்டா, மூன்று நீளப் பெஞ்சுகள், கால் கழுவ ஒரு டிரம் தண்ணீர். லுத்தரன் சபைப் பெண்கள், சீயோன் ஆலயத்துப் பையன்கள், கத்தோலிக்கப் பங்கிலிருந்து சிலர். எலுமிச்சம்பழ மூட்டையை இறக்கிவிட்டுப் போனவர் நெற்றி நிறைய விபூதி பூசியிருந்த கடைக்காரர். யார் பொறுப்பு என்று கேட்டேன். ஒரு பையன், "அண்டாவுக்குப் பக்கத்துல யார் நிக்கிறாங்களோ அவங்கதாங்க்கா" என்றான். எங்கள் கையிலும் ஆளுக்கொரு கத்தி வந்தது. பழம் நறுக்கி நறுக்கி விரலெல்லாம் எரிந்தது.

எங்கள் குழுவில் ஒரு பெரியவர் வந்திருந்தார். மிஷன் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்து ஓய்வு பெற்றவர், வேத வசனத்தில் உறுதியானவர். கூட்டம் "மரியே வாழ்க" என்று முழங்கிக்கொண்டு வந்ததும் அவர் முகம் இறுகிவிட்டது. பந்தலுக்கு வெளியே போய் ஒரு வேப்பமரத்தடியில் நின்றுகொண்டார். நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவருடைய மனச்சாட்சி அது. மாதா பக்தி பற்றி எனக்கும் அவருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

அப்போது ஒரு இளைஞனைத் தோளில் தாங்கிக்கொண்டு இருவர் வந்தார்கள். கடலூர்ப் பக்கம் ஒரு கிராமம். வெறுங்காலோடு தார்ச்சாலையில் நடந்து இரண்டு பாதங்களிலும் கொப்புளம், ஒன்று உடைந்து மண் ஏறியிருந்தது. யாரோ அதில் நேராகத் தைலம் ஊற்றப் போனார்கள். "ஏய், ஊத்தாதப்பா, ஊத்தாத!" என்று மரத்தடியிலிருந்து குரல் வந்தது. பெரியவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து தரையில் உட்கார்ந்தார். காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் கேட்டார். அந்தப் பையனின் பாதத்தைத் தன் மடியில் வைத்துக் கழுவினார், மண்ணைத் துளித்துளியாக எடுத்தார், மருந்து போட்டுத் துணி சுற்றினார். உடையாத கொப்புளத்தைக் குத்தக் கூடாது என்று சுற்றி நின்றவர்களுக்கெல்லாம் சொன்னார். அப்புறம் அடுத்த கால், அதற்கடுத்த கால். இருட்டும் வரை அவர் எழுந்திருக்கவில்லை. பங்கிலிருந்து வந்த ஒரு கன்னியாஸ்திரி அவருக்குப் பஞ்சு எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தார். இருவரும் நர்ஸிங் பற்றித்தான் பேசிக்கொண்டார்கள்.

எனக்கு எதிரே ஒரு பாட்டி மோர் குடித்துக்கொண்டிருந்தார். "நீங்க எந்தக் கோயிலும்மா?" என்றார்.

"சி.எஸ்.ஐ. பாட்டி, மதுரை."

"அப்படியா. என் பேத்தி உங்க பள்ளிக்கூடத்துலதான் படிக்கிறா." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, மகனுக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ் நடப்பதைச் சொன்னார். அதற்காகத்தான் நடக்கிறாராம். "அவன் பேரைச் சொல்றேன், உங்க கோயில்ல வேண்டிக்கம்மா."

பேரைச் சொன்னார். பெஞ்சிலேயே அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஜெபித்தேன். நான் ஆமென் சொன்னதும் அவர் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். மதுரைக்கு வந்தபின் எங்கள் சபையின் புதன்கிழமை ஜெபக் குறிப்பில் அந்தப் பெயர் இருக்கிறது.

1919இல் கூடியவர்களைப் பற்றி எனக்கு ஒரு விஷயம் தெளிவானது அன்றைக்குத்தான். ஐக்கியத்துக்காகக் கூடியிருந்தால் ஒருவேளை அவர்கள் உபதேச வித்தியாசங்களிலேயே நின்றிருப்பார்கள். ஒரு வேலைக்காகக் கூடினார்கள். வேலை அவர்களை ஒருவரோடொருவர் கட்டியது, கட்டிய பிறகு சுவர் தாங்க முடியாததாகத் தெரிந்தது. நம் நாட்டில் இப்படி நடந்ததற்கு வேறு சாட்சிகளும் உண்டு. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையைப் பல சபைகள் சேர்ந்து தாங்குகின்றன. 1969 முதல் மதுரை அரசரடியில் சி.எஸ்.ஐ. மாணவர்களும் லுத்தரன் மாணவர்களும் ஒரே கல்லூரியில் இறையியல் படிக்கிறார்கள். 1995இல் வந்த திருவிவிலியம் கத்தோலிக்கரும் மற்றவர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து மொழிபெயர்த்தது. பெண்கள் இன்னும் சீக்கிரமாகவே தொடங்கிவிட்டார்கள். மார்ச் முதல் வெள்ளியன்று உலக ஜெப நாளுக்கு எல்லாச் சபைப் பெண்களும் ஒரே ஆலயத்தில் கூடுவதை நான் சிறுமியாக இருந்தபோதே பார்த்திருக்கிறேன். அதற்கு எந்த ஒப்பந்தமும் யாரும் எழுதிக் கையெழுத்துப் போட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

ஜனவரி 18 முதல் 25 வரை வரும் ஐக்கிய ஜெப வாரத்தில் நம் ஊர்களில் ஒருவர் ஆலயத்தில் இன்னொருவர் பிரசங்கம் செய்கிறார், டீயும் பிஸ்கட்டும் கொடுக்கிறோம், கலைகிறோம். நல்லதுதான், நடக்கட்டும். ஆனால் 26ஆம் தேதி காலையில் சேர்ந்து செய்ய ஒரு வேலை இல்லையென்றால் அந்த ஜெபத்துக்குக் கை கால் எங்கே?

மறுநாள் ரயிலில் இதைத்தான் பேசிக்கொண்டு வந்தோம். பெரியவர் ஜன்னலோரம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே வந்தார். தஞ்சாவூர் தாண்டியபோது, பெரிய ஆஸ்பத்திரியில் நோயாளிக்குச் சாப்பாடு வருகிறது, கூட இருக்கிறவர்கள் காலையில் பட்டினி கிடக்கிறார்கள், அதைச் செய்யலாமே என்றார். வார்டு வராந்தாவில் படுத்து எழுந்திருப்பவர்களை அவர் வேலைக்காலம் முழுவதும் பார்த்தவர்.

மதுரை வந்ததும் லுத்தரன் சபை ஆயரையும் கத்தோலிக்கப் பங்குத்தந்தையையும் போய்ப் பார்த்தோம். இருவருமே சம்மதித்தார்கள். அண்டாக்களும் அடுப்பும் லுத்தரன் சபையில் இருக்கின்றன. பங்கு இளைஞர்கள் வண்டி கொண்டுவருகிறார்கள். எங்கள் சபைப் பெண்கள் சமைக்கிறார்கள். பரிமாறும் வரிசையில் யார் எந்தச் சபை, எந்தத் தெரு என்று பார்த்து நிறுத்தப் போவதில்லை என்பதை முதல் கூட்டத்திலேயே வாய்விட்டுச் சொல்லி முடிவெடுத்தோம். அடுத்த மாதம் இரண்டாம் சனிக்கிழமை இட்லி, சாம்பாரோடு தொடங்குகிறோம். அதிகாலை நாலு மணிக்கு அடுப்புப் பற்றவைக்க வேண்டும். காய் நறுக்க இன்னும் ஆட்கள் தேவை. மதுரையில் இருப்பவர்கள் எந்தச் சபையாக இருந்தாலும் வரலாம்.