மச்சான் வாங்கப்போகும் கார்

இலங்கையில் 2020 மார்ச்சில் நின்றுபோன வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்கும் திறந்துவிட்டதிலிருந்து தங்கச்சியின் கணவருக்கு ஒரே யோசனை. இவ்வளவு காலமும் வேகன்ஆர் என்ற பழைய சின்னக் காரில் சமாளித்த மனிதர். "மச்சான், வாழ்க்கையில ஒருக்கா நல்ல கார் ஒண்டு எடுப்பம் எண்டு பாக்கிறன். நீங்கள் வச்சிருந்தனீங்கள்தானே, சொல்லுங்கோவன்" என்று போன வாரம் கேட்டார். போனில் எனக்கு ஒழுங்காகப் பதில் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

2016 முதல் 2022 கடைசி வரை என்னிடம் ஒரு ஜெர்மன் கார் இருந்தது. கொம்பனிப் பெயர் வேண்டாம். வாங்கும்போதே அதற்குப் பதினைந்து வயது. ஆறு சிலிண்டர், ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பையில் நிற்கும் சஸ்பென்ஷன்.

அதன் நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். சொகுசு என்பதெல்லாம் வெறும் பகட்டு என்கிறவர்கள் அப்படியொரு காரில் யாழ்ப்பாணம் போய்ப் பார்த்திருக்கமாட்டார்கள். கொழும்பிலிருந்து கிட்டத்தட்ட 400 கிலோமீற்றர். அம்மாவுக்கு நெடுநாளாக முதுகு வருத்தம். வேனில் போனால் புத்தளம் வருவதற்குள் இரண்டு தரம் இறங்கி நடக்கவேண்டும். அந்தக் காரில் முதல்முறை போனபோது, வெள்ளவத்தையில் விடிய நாலு மணிக்கு ஏறியவர் நீர்கொழும்பு தாண்டமுன்பே தூங்கிவிட்டார். நடுவில் ஒருக்கா கண் விழித்து, "தம்பி, எங்க வந்திட்டம்?" என்றார். வவுனியா என்றேன். "நான் புத்தளம் எண்டெல்லோ நினைச்சன்!" வழியில் முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் எல்லாரையும்போல நிறுத்திக் கும்பிட்டு, கச்சான் கடலை வாங்கினோம். அம்மா காரைப் பிடிக்காமல் நிமிர்ந்து நின்று கச்சான் உடைத்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்தபோது கொடுத்த காசு முழுவதும் சரி என்று பட்டது. இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அந்தச் சுகத்துக்குக் காரணம் கொம்பனிச் சின்னம் இல்லை. காரின் பாரம், முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் இடையிலிருந்த நீளம், குழியில் விழுந்தால் முதல் அடியைத் தான் வாங்கிக்கொள்ளும் தடித்த டயர், இவைதான் காரணம். மச்சான் எனக்கு அனுப்பிய படத்திலிருக்கும் கார் 20 அங்குல ரிம்முடன் வருகிறது. டயர் ரப்பர் பட்டி மாதிரி மெல்லிசு. பார்வைக்கு அழகுதான். ஆனால் நம்முடைய உள்வீதிக் குழிகளில் அந்த மெல்லிய டயர் மெத்தையாக வேலை செய்யாது.

சரி, இனிக் கொழும்புக்குள் வருவோம். யாழ்ப்பாணத்துக்கு வருஷத்தில் மூன்று தரம் போனோம். மற்ற நாளெல்லாம் வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கு வேலைக்குப் போவதும், அம்மாவைக் கிளினிக்குக் கூட்டிப்போவதும்தான். காலையில் காலி வீதியில் பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் நடுவே நிற்கும்போது எந்தக் காரும் நிற்கும் கார்தான். அதோடு, அந்த மாதிரிக் கார்களில் உண்மையான சொகுசு பின் இருக்கையில் இருக்கிறது. ட்ரைவர் வைத்திருக்கிறவருக்காகச் செய்த கார் அது. நான் முன்னுக்கு இருந்து ஓட்டினேன். பின் இருக்கை பெரும்பாலும் வெறுமையாக வந்தது.

2018இல் அம்மாவின் முழங்கால் பழுதாகி ஒப்பரேஷன் செய்தார்கள். அதற்குப் பிறகு அந்தக் காரில் ஏறுவதே அம்மாவுக்குப் பெரும்பாடு. உயரம் குறைந்த கார், இருக்கை இன்னும் கீழே. ஒரு கையால் கதவையும் மற்றக் கையால் என் தோளையும் பிடித்து, முதுகைக் காட்டி இருந்து, பிறகு காலை ஒவ்வொன்றாக உள்ளே எடுக்கவேண்டும். லெதர் சீற்றில் உடம்பு திரும்பாது. அதனால் ஒரு சொப்பிங் பையை விரித்து அதன்மேல் இருக்கச் செய்வேன், வழுக்கித் திரும்புவதற்கு. "கிணத்துக்கை இறங்கிற மாதிரி இருக்கு தம்பி" என்பார். மச்சானின் வேகன்ஆரில் அந்தக் கஷ்டமே இல்லை. இருக்கை உயரமாக இருக்கிறது, கூரையும் உயரம். கதிரையில் இருப்பதுபோல இருந்துவிடுவார்.

2019இல் ஒருநாள் காலை பார்க்கிங்கில் காரின் இடதுபக்க முன்மூலை சில்லின்மேல் படுத்துக் கிடந்தது. காற்றுப் பையின் ரப்பரில் வெடிப்பு விழுந்து காற்றுக் கசிந்திருக்கிறது. கசிவை ஈடுகட்ட ஓயாமல் ஓடிய கம்ப்ரசரும் எரிந்துவிட்டது. வயது போன காற்று சஸ்பென்ஷனுக்கு வழக்கமாக வரும் நோய்தான் என்று கராஜ் பாஸ் சொன்னார். வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் இரண்டு நாள் கடை கடையாக ஏறி இறங்கிச் சாமான் எடுத்தேன். மூன்றரை இலட்சம் முடிந்தது.

மதிப்பைப் பற்றியும் மச்சான் கேட்டார். மதிப்பு கிடைக்கத்தான் செய்தது. கலியாணத்துக்கு ஹோட்டல் வாசலில் போய் நின்றால் காவலாளி ஓடிவந்து கதவைத் திறப்பார். இன்னொரு நாள் அதே ஹோட்டலுக்கு வேகன்ஆரில் போனோம். பின்பக்கம் கொண்டுபோய் நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினார்கள். பொல்லுடன் இருக்கும் அம்மா அங்கிருந்து வாசலுக்கு நடந்தார். எனக்கு அன்றைக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. இப்போதெல்லாம் கண்ணாடியை இறக்கி, "அம்மாவால் நடக்க ஏலாது, வாசலில் இறக்கவேண்டும்" என்று சொல்கிறேன். விடுகிறார்கள். அந்த மரியாதையைக் கேட்டு வாங்க ஒரு நிமிஷம் போதுமென்றால், அதற்காகக் கோடிக்கணக்கில் கொட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அப்புறம் 2022. எரிபொருள் தட்டுப்பாட்டில், கியூஆர் குறியீட்டைக் காட்டி அளவாகப் பெற்றோல் வாங்கும் முறை வந்தபோது காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர். என் காருக்கு நகரத்துக்குள் அது 120 கிலோமீற்றரைத் தாண்டாது. மச்சானின் வேகன்ஆர் அதே 20 லீற்றரில் இரண்டு வீட்டுக்கும் ஓடியது, அம்மாவின் கிளினிக் உட்பட. அந்த வருஷக் கடைசியில் என் காரை விற்றேன்.

மச்சான், இப்போது நீங்கள் கொடுக்கப்போகும் விலையில் கார் எவ்வளவு, வரி எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கோ. இறக்குமதி வரி, உற்பத்தி வரி, 18 வீத வற் என்கிற பெறுமதிசேர் வரி. பெற்றோல் காரின் இறக்குமதி மதிப்பு 50 இலட்சத்தைத் தாண்டினால் அதற்குமேல் சொகுசு வரியும். இந்த ரகக் கார்களில் வரியே காரின் அசல் விலையைத் தாண்டிவிடும். அந்த வரிக்காசு உங்கள் முதுகுக்கு ஒரு சுகமும் தராது. மாதத்தில் நாலு தரம் தூரப் பயணம் இருந்தால் வாங்குங்கோ, நான் தடுக்கமாட்டேன். தெஹிவளையிலிருந்து ராஜகிரிய ஒபிசுக்குப் போய் வர என்றால் வேண்டாம். உயரமான இருக்கையும் தடித்த டயரும் உள்ள நல்ல ஜப்பான் ஹைபிரிட் ஒன்று பாருங்கோ.

அடுத்த மாதத்திலிருந்து அம்மா உங்கள் வீட்டில்தானே. நேற்று இரவு டேப் பிடித்துப் பார்த்தேன்: அம்மாவின் முழங்கால் தரையிலிருந்து 17 அங்குலம். சனிக்கிழமை கார் பார்க்கப் போகும்போது டேப்பையும் கொண்டுபோங்கோ. இருக்கை அதைவிடக் கீழே இருந்தால், திரும்பி வந்துவிடுங்கோ.