பேருந்தா, கேபிள் காரா?
புளோரிடாவின் வால்ட் டிஸ்னி வேர்ல்ட் கேளிக்கைப் பூங்கா வளாகத்தில் 2019 செப்டம்பர் 29 அன்று தொடங்கப்பட்ட ஸ்கைலைனர் கேபிள் கார், அதன் தடத்திலுள்ள டிஸ்னி விடுதிகளின் விருந்தினர்களுக்குப் பேருந்தைவிட மேலானது என்றே நான் உறுதியாகக் கருதுகிறேன். பேருந்து நிரம்பிப் புறப்பட்டுவிட்டால் அடுத்தது வரும்வரை வரிசை அசையாது. இங்கோ பத்துப் பேர் அமரக்கூடிய பெட்டிகள் அடுத்தடுத்து வந்துகொண்டே இருப்பதால், நீண்ட வரிசையும் தேங்கி நிற்காமல் நகர்கிறது. தூங்கிவிட்ட குழந்தையை எழுப்பித் தள்ளுவண்டியை மடக்க வேண்டிய தொல்லையும் பெரும்பாலும் இல்லை. சக்கர நாற்காலியில் வருவோருக்காகப் பெட்டியை முழுவதுமாக நிறுத்தி ஏற்றும் ஏற்பாடு உண்மையிலேயே பாராட்டுக்குரியது.

ஆனால் மின்னல் நெருங்கினால் சேவையை நிறுத்தியாக வேண்டும். கோடையின் பிற்பகல்களில் அங்கே இடிமழை வழக்கம். பெட்டிகளில் குளிர்சாதன வசதியும் இல்லை. மேலும், எப்காட், ஹாலிவுட் ஸ்டூடியோஸ் ஆகிய இரண்டு பூங்காக்களுக்கு மட்டுமே தடம் செல்வதால், அவ்விடுதிகளிலிருந்து மேஜிக் கிங்டம் என்ற மற்றொரு பூங்காவுக்குச் செல்வோருக்கு இன்றும் பேருந்துதான் கைகொடுக்கிறது.