திங்கள், புதன், வெள்ளி

மே 2, வெள்ளி

ஒரு முறை டயாலிசிஸுக்கு ஏறக்குறைய 120 லிட்டர் தண்ணீர் இயந்திரத்துக்குள் ஓடுகிறதாம். செவிலியர் சொன்னார். என் வீட்டுக்காரருக்கோ ஒரு நாளைக்குக் குடிக்க ஒரு லிட்டருக்குள்தான். ரசமும் காப்பியும் அதில் அடக்கம். மதுரை வெயிலில்.

மே 4, ஞாயிறு

சபையில் திருவிருந்து ஆராதனைக்கு நான் மட்டும் போனேன். முடிந்து வெளியே வந்தால் ஆளுக்கு ஆள் அவருக்கென்று இளநீர். இளநீரில் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகம் அதை வெளியேற்றாவிட்டால் இதயத் துடிப்பே தடுமாறும். வெயிலில் தூக்கிவந்து நிற்பவர்களிடம் இதை எப்படிச் சொல்வது? நாக்கு எழவில்லை. ஆயரின் மனைவி, ஆயரம்மாவிடம் மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

மே 5, திங்கள்

எடை சரியாக இருந்தது, உடம்பில் நீர் கோக்கவில்லை. தூங்கினார்.

மே 7, புதன்

நேற்று பெண்கள் ஐக்கிய சங்கத்தில் ஆயரம்மா வேதபாடத்தை நிறுத்திவிட்டு உருளைக்கிழங்கைப் பற்றிப் பேசினாராம். காயைப் பொடியாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, பொட்டாசியம் இறங்கிய அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட வேண்டும். உப்பைக் குறைக்க வேண்டும். ஊறுகாய், வாழைப்பழம், இளநீர் கூடவே கூடாது. இன்று மதியம் தூக்குவாளியில் வந்த புடலங்காய்ப் பொரியலில் உப்பே இல்லை. அவர் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

முதல் வாரம் எல்லோரும் வருவார்கள். மூன்றாம் மாதத்திலும் யார் வருகிறார்கள் என்பதில்தான் சபை இருக்கிறது. ஒரு நோட்டில் கிழமை போட்டு எழுதி வைத்திருக்கிறார்கள்: யார் சோறு, யார் துணைக்கு உட்காருவது. டயாலிசிஸ் கட்டணம் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் போய்விடுகிறது. எங்களை அரித்தது ஆட்டோவும் மாத்திரையும்தான். ஆட்டோவுக்குப் பிடியரிசிக் காணிக்கையிலிருந்து கொடுக்கிறார்கள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்து வைத்திருக்கிறேன். அது எந்த வீட்டுக்குப் போயிற்று என்று ஒருநாளும் கேட்டதில்லை. இவர்களும் எங்களிடம் எதுவும் கேட்பதில்லை.

மே 8, வியாழன்

ஜெபிக்க வாய் வரவில்லை.

மே 9, வெள்ளி

மாற்கு சுவிசேஷம், இரண்டாம் அதிகாரம். நான்கு பேர் சுமந்து வந்த, நடக்க முடியாத திமிர்வாதக்காரன் அந்தச் சம்பவம் முழுவதிலும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. விசுவாசிக்கிறேன் என்றுகூடச் சொல்வதில்லை. இயேசு 'அவர்கள் விசுவாசத்தைக் கண்டு' என்றுதான் இருக்கிறது. கூரையைப் பிரித்து அவனை இறக்கியவர்களுடைய விசுவாசம்.

இவரும் பேசுவதில்லை. டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காகக் கையில் இரத்தக் குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா போட்ட இடத்தில் விரல் வைத்தால் இரத்தம் அதிர்ந்து ஓடுவது தெரிகிறது. இரவில் இரண்டு முறையாவது தொட்டுப் பார்க்கிறேன். அதுதான் இப்போதைக்கு என் ஜெபம். செல்லூர் அக்கா தினமும் விடியற்காலையில் எங்கள் பெயரைச் சொல்லி மன்றாடுகிறார். நான் சொல்லாததும் அதில் சேர்ந்துகொள்ளும் என்று நம்புகிறேன்.

மே 12, திங்கள்

அழகர் ஆற்றில் இறங்கும் நாள். கோரிப்பாளையம் பக்கம் ஈ நுழைய இடமில்லை. மருத்துவமனையோ ஆற்றுக்குத் தெற்கே. எதிர்வீட்டு ஆட்டோக்கார அண்ணன் அழகருக்கு நேர்ந்துகொண்டவர். இருட்டோடு வந்து எங்களைத் தத்தனேரி வழியாக ஆரப்பாளையத்துக்குச் சுற்றிக் கொண்டுபோய் இறக்கிவிட்டு, அதற்குப் பிறகுதான் ஆற்றுக்குப் போனார். காசு வாங்கவில்லை.

மே 14, புதன்

ஆயருக்கு மாற்றல் வந்திருக்கிறதாம்.

மே 15, வியாழன்

அந்த நோட்டு யாரிடம் போகும்?

மே 18, ஞாயிறு

மாற்றல் உறுதி. ஆராதனையில் எதுவும் காதில் விழவில்லை. புதிதாக வருபவருக்கு எங்களைத் தெரியாது. அவர் மனைவிக்கு உருளைக்கிழங்கு தெரியாது. வீட்டுக்கு வந்து அழுதேன். பிறகு கோபம் வந்தது, என்மேல் அல்ல, பயத்தின்மேல். 1834-இல் அமெரிக்க மிஷன் மதுரைக்கு வந்ததிலிருந்து எத்தனை ஆயர்கள் வந்து போயிருப்பார்கள்! பொரியலை வடித்துச் சமைத்தது ஆயர் இல்லையே.

மே 19, திங்கள்

நோட்டு சங்கச் செயலாளரிடம். கிழமைகள் மாறவில்லை.

மே 21, புதன்

தத்தனேரியில் ஒரு வீட்டில் டயாலிசிஸ் தொடங்கியிருக்கிறது. பெந்தெகொஸ்தே குடும்பம், எங்கள் சபை இல்லை. அந்தப் பெண்ணுக்கு அடுப்பைப் பற்றவைக்கவே பயமாக இருக்கிறதாம். "நீங்க போய்க் காட்டிக் குடுங்க மதினி" என்றார் செயலாளர். சனிக்கிழமை போகிறேன். நோட்டில் என் பெயரையும் எழுதிக்கொண்டார்.

மே 23, வெள்ளி

எடை மூன்று கிலோ கூடுதல். இரவெல்லாம் மூச்சு வாங்கியது. ஆட்டோ ஐந்தரைக்கு.