கடினமான பயிற்சிக் கேள்வியை எப்போது விட்டு நகர்வது? தேர்வுத் தயாரிப்பில் பட்டறிந்தவை

தேர்ச்சி பெற்றோர் பட்டியலில் என் பதிவெண்ணும் இருப்பதைப் பார்த்த பிறகுதான் இதை எழுதும் பொறுமை வந்தது. பாடத்திட்டத்தை முடித்தது, கால அட்டவணை போட்டது, மாதிரித் தேர்வுகள் எழுதியது ஆகியவற்றைப் பற்றிச் சொல்லப் புதிதாக ஒன்றுமில்லை. எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். என்னைப் படாத பாடு படுத்தியது, பயிற்சிக் கேள்வி ஒன்று பிடிகொடுக்காமல் நிற்கும்போது அதனுடன் எவ்வளவு நேரம் மல்லுக்கட்டுவது, எப்போது அடுத்ததற்குப் போவது என்ற ஒரே ஒரு முடிவுதான்.

இதற்கு எனக்குக் கிடைத்த அறிவுரைகள் இரண்டும் ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை. கணிதம் நடத்திய ஆசிரியர், விடை வரும்வரை கேள்வியை விடவே கூடாது என்றும், தீர்வுப் பக்கத்தைப் புரட்டுவது தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்வது என்றும் சொல்வார். அதே பயிற்சி மையத்தில் மாதிரித் தேர்வு நடத்தியவரோ, ஒரு நிமிடத்தில் வழி தெரியாவிட்டால் தாண்டிப் போய்விட வேண்டும் என்பார். எது எப்போது பொருந்தும் என்று கேட்டால், “போகப் போகத் தெரியும்” என்பதே இருவரின் பதிலாகவும் இருந்தது. போகப் போகத் தெரிந்தது என்னவோ உண்மைதான். அதற்குள் எத்தனை மாலைகள் வீணாயின என்பதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. ஒருவர் சொன்னது கற்பதற்கான விதி, மற்றவர் சொன்னது தேர்வுக் கூடத்துக்கான விதி என்ற ஒரு வரியைச் சேர்த்துச் சொல்லியிருந்தால் பாதிச் சிக்கல் தீர்ந்திருக்கும். தேர்வுக் கூடத்தில் எளிய கேள்விக்கும் கடினமான கேள்விக்கும் மதிப்பெண் ஒன்றே, நேரமோ அளவானது. அங்கே தாண்டிப் போவதுதான் புத்திசாலித்தனம். வீட்டில் பயிற்சி செய்யும்போது அந்தக் கேள்விக்குத் தனியாக மதிப்பெண் எதுவும் இல்லை, அதிலிருந்து என்ன கற்றுக்கொள்கிறோம் என்பதே கணக்கு.

முதலில் என் பொறுமையைச் சோதித்தது கடினமான கேள்விகூட அல்ல. 3இன் 100ஆம் அடுக்கை 7ஆல் வகுத்தால் வரும் மீதி என்ன என்பது கேள்வி. 3இன் அடுக்குகளை 7ஆல் வகுத்துக்கொண்டே போனால் 3, 2, 6, 4, 5, 1 என்ற மீதிகள் ஆறு ஆறாகத் திரும்பத் திரும்ப வரும். 100ஐ 6ஆல் வகுத்தால் மீதி 4, ஆகவே அந்த வரிசையில் நான்காவதாக உள்ள 4தான் விடை. ஆனால் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் 5 என்று அச்சாகியிருந்தது. புத்தகம் தவறாக இருக்காது என்ற நம்பிக்கையில், எங்கே சறுக்கினேன் என்று தேடித் தேடியே அன்றைய படிப்பு முழுவதும் போயிற்று. 5 என்பது 101ஆம் அடுக்குக்கான விடை. கேள்வியையோ விடையையோ அச்சிடும்போது யாரோ கவனிக்காமல் விட்டிருக்கிறார்கள். பதிப்பகத்துக்கு எழுதிய கடிதத்துக்கு இன்றுவரை பதில் இல்லை. இரண்டு வெவ்வேறு வழிகளில் போட்டும் ஒரே விடை வந்து, அது விடைக்குறிப்புடன் பொருந்தாவிட்டால், ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு அந்த நிமிடமே நகர்ந்துவிடலாம். பின்னர் தெரிந்தவர் ஒருவரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொண்டால் போதும்.

உண்மையிலேயே சிக்க வைத்தது வேறு வகைக் கேள்வி. ஐந்து ஆண்களையும் மூன்று பெண்களையும் ஒரே வரிசையில், எந்த இரு பெண்களும் அடுத்தடுத்து வராதபடி, எத்தனை விதமாக நிறுத்தலாம்? அதற்கு முந்தைய கேள்விகள் எல்லாம் மொத்தத்திலிருந்து வேண்டாதவற்றைக் கழிக்கும் வகையைச் சேர்ந்தவை என்பதால், கை தானாகவே கழிக்கப் போனது. மொத்தம் 40,320, மூன்று பெண்களும் சேர்ந்து நிற்கும் விதங்கள் 4,320, கழித்தால் 36,000. விடைக்குறிப்பிலோ 14,400 என்று இருந்தது. இருவர் மட்டும் சேர்ந்து நிற்கும் விதங்களையும் கழிக்க வேண்டும் என்பது உடனே புரிந்தாலும், அவற்றை இருமுறை எண்ணாமல் எண்ண முயன்று தாள் தாளாகக் கிறுக்கியதுதான் மிச்சம். தீர்வுப் பக்கம் அதைவிட மோசம்: “இடைவெளி முறைப்படி விடை 14,400” என்ற ஒற்றை வரியோடு முடித்துவிட்டார்கள். மறுநாள் காலை வெற்றுத் தாளில் தொடங்கியபோது, ஆண்களை முதலில் நிறுத்திவிட்டால் (120 விதங்கள்) இரு ஓரங்களையும் சேர்த்து ஆறு இடைவெளிகள் கிடைக்கும், அவற்றில் மூன்றில் பெண்களை நிறுத்தலாம் (மீண்டும் 120 விதங்கள்) என்பது சில நிமிடங்களில் வந்துவிட்டது.

ஏப்ரகாம் லூசின்ஸ் என்ற உளவியலாளர் 1942இல் வெளியிட்ட தண்ணீர்க் குவளைச் சோதனைகளைப் பற்றிப் பிறகு படித்தபோது, அந்த மாலையில் நடந்தது விளங்கியது. மூன்று குவளைகளைக் கொண்டு குறிப்பிட்ட அளவு நீரை எடுக்கும் கணக்குகளை ஒரே நீண்ட வழியில் தொடர்ந்து போட்டுப் பழகியவர்கள், ஒரே கழித்தலில் முடியக்கூடிய கணக்கு வந்தபோதும் பெரும்பாலும் அந்த நீண்ட வழியையே பிடித்துக்கொண்டார்கள். மூளை ஒரு தடத்தில் இறங்கிவிட்டால், கூடுதல் நேரம் கொடுப்பது அந்தத் தடத்தையே ஆழமாக்கும். இடைவேளை விட்டுவிட்டு வருவதன் பயன் இதில்தான் இருக்கிறது. விடாமுயற்சி என்ற பெயரில் அதை மறுப்பது வீண் பிடிவாதம்.

ஆகவே நான் கடிகாரத்தை வைத்து முடிவு செய்வதை நிறுத்திவிட்டு, பேனாவை வைத்து முடிவு செய்யத் தொடங்கினேன். தாளில் புதிதாக ஏதாவது எழுதப்படுகிறதா, அதாவது ஒரு படம், சிறிய எண்களை இட்டுப் பார்த்த ஒரு முயற்சி, ஒரு புதிய சமன்பாடு என்று ஏதேனும் வந்துகொண்டிருக்கிறதா என்பதே கேள்வி. வந்துகொண்டிருந்தால் எவ்வளவு நேரமானாலும் தொடரலாம். எழுதியதையே திரும்பப் படித்துக்கொண்டும், அதே கூட்டலைச் சரிபார்த்துக்கொண்டும் இருந்தால் அந்த அமர்வு முடிந்துவிட்டது என்று பொருள். சூத்திரமே நினைவில் இல்லையென்றால் அதுவரை காத்திருக்கவும் தேவையில்லை. தெரியாத சூத்திரம் உட்கார்ந்து யோசிப்பதால் வந்துவிடாது; பாடப் பகுதிக்குத் திரும்பிப் போக வேண்டியதுதான்.

விட்டு நகரும்போது வெறுமனே நகர்ந்தால் அது கைவிடுவதாகிவிடும். கேள்வி எண், எதுவரை வந்தேன், எங்கே நின்றது, எந்தத் தேதியில் திரும்ப வருவது ஆகியவற்றை ஒரே வரியில் குறித்து வைப்பேன். “இருவர் சேர்வதை இருமுறை எண்ணாமல் எண்ணுவது எப்படி” என்பது போல, நின்ற இடம் துல்லியமாக இருக்க வேண்டும். “புரியவில்லை” என்று எழுதுவதால் ஒரு பயனும் இல்லை. இந்த வரியை எழுத முயலும்போதே சில கேள்விகள் தாமாகத் திறந்துகொண்டதும் உண்டு.

திரும்பி வந்தும் நகரவில்லையென்றால் தீர்வைப் பார்ப்பதில் எந்த அவமானமும் இல்லை. ஜான் சுவெல்லரும் கிரகாம் கூப்பரும் 1985இல் வெளியிட்ட ஆய்வில், இயற்கணிதத்தைப் புதிதாகக் கற்பவர்களுக்கு, கணக்குகளைத் தாமே போட்டுப் பார்ப்பதைவிடப் போட்டுக் காட்டிய கணக்குகளைப் படிப்பது குறைந்த நேரத்தில் பலன் தந்தது. என் கணித ஆசிரியரின் கட்டளை, பாடத்தில் ஏற்கெனவே ஓரளவு தேறியவர்களுக்குப் பொருந்தலாம். புதிய தலைப்பில் கால் வைப்பவருக்கு அது தண்டனை. பார்க்கும் விதத்தில் மட்டும் கவனம் தேவை. தீர்வை ஓர் அட்டையால் மறைத்து, ஒரு வரியை மட்டும் திறந்து, அதற்கு மேல் தானே போக முடிகிறதா என்று பார்ப்பது எனக்கு மிகவும் உதவியது. ஒற்றை வரித் தீர்வுகள் நிறைந்த புத்தகத்தில் இதைச் செய்ய முடியாது என்பதால், புத்தகம் வாங்கும் முன் கேள்விகளின் எண்ணிக்கையைப் பார்க்காமல் தீர்வுப் பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள்.

தீர்வைப் படித்து முடித்ததும் எல்லாம் விளங்கிவிட்டது போல ஒரு நிறைவு வரும்; அதை நம்ப வேண்டாம். ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது உரைப்பகுதியைத் திரும்பப் படித்தவர்களே முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோதோ, படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் அவர்களை முந்திவிட்டார்கள். நானும் தீர்வைப் பார்த்த கேள்விகளைச் சில நாள் கழித்து, தீர்வை மூடி வைத்து, முதலிலிருந்து போட்டுப் பார்ப்பதை வழக்கமாக்கினேன். அப்போதும் போட முடிந்தால் மட்டுமே குறிப்பேட்டில் அந்த வரியை அடிப்பேன்.

கடைசி வாரங்களில் இந்த விதிகளை எல்லாம் மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. புதிய கடினக் கேள்விகளைத் தொடுவதை நிறுத்திவிட்டு, கடிகாரத்தை வைத்து மாதிரித் தேர்வுகளை மட்டும் எழுதினேன். அங்கே அந்த ஒரு நிமிட விதியை அப்படியே கடைப்பிடித்தேன். முதல் சில தேர்வுகளில் தாண்டிப் போக மனம் ஒப்பவே இல்லை. தாண்டுவதும் தனியாகப் பழக வேண்டிய ஒன்று என்பதால், அதைத் தேர்வு நாளுக்கென்று ஒத்திப்போடாதீர்கள். குறிப்பேட்டில் அடிக்கப்படாமல் மிஞ்சிய வரிகளில், பழைய வினாத்தாள்களில் அடிக்கடி வரும் தலைப்புகளைச் சேர்ந்தவற்றை மட்டும் மீண்டும் எடுத்துக்கொண்டு, மற்றவற்றை அப்படியே விட்டுவிட்டேன்.