கல்லுக்கு அந்தப் பக்கம்

ஜூன் 4
புது ரோட்டுக்கு நிலம் எடுக்க அளந்து கல் நட்டுவிட்டுப் போய்விட்டார்கள். கிணறு கல்லுக்கு அந்தப் பக்கம்.

ஜூன் 7
அம்மா காலையிலிருந்து மோட்டார் ரூமைக் கழுவிக்கொண்டிருக்கிறாள். நான் 1894 நில எடுப்புச் சட்டத்தோடு உட்கார்ந்திருக்கிறேன், அது காலாவதியாகி வருடக்கணக்கானாலும். ஆறாவது பிரிவு சொல்வது இதுதான்: இந்த நிலம் பொதுக் காரியத்துக்குத் தேவை என்று அரசு அறிவித்துவிட்டால், தேவை என்பதற்கு அந்த அறிவிப்பே முடிவான சாட்சி. கேட்பவனும் அவனே, சாட்சியும் அவனே. வெள்ளைக்காரன் எழுதியதை அவன் போன பிறகும் 2013 வரைக்கும் நம் ஆட்கள் பத்திரமாக வைத்திருந்தார்கள்.

ஜூன் 8
தூக்கமில்லை.

ஜூன் 11
பெரியப்பா போன். "அப்ப ரோடு வேணாங்கிறியா?" வேண்டும் பெரியப்பா. மழையில் ஆம்புலன்ஸ் கோயில் முக்கில் திரும்ப முடியாமல் நின்றதை நானும்தான் பார்த்தேன். ரோடு வேண்டும், அதுதான் எரிச்சலே. எந்தப் பக்கமாக வரட்டும் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்றால், நான் ஏதோ ஊருக்கே எதிரி மாதிரி பேசுகிறார். அவர் வீடு கல்லுக்கு இந்தப் பக்கம்.

ஜூன் 15
இன்று முழுக்க குரோஷியஸ் என்ற டச்சு சட்ட அறிஞர். குடிமகனின் சொத்தின் மேல் அரசுக்கு ஒரு மேலுரிமை உண்டு, பொது நன்மைக்காக எடுக்கலாம், முடிந்தால் பொதுப் பணத்திலிருந்து ஈடு கொடுக்க வேண்டும் என்று 1625-இல் எழுதியவர். சரி, யார் இந்த ஆள் என்று தேடினால், 1619-இல் டச்சு அரசு அவருடைய சொத்தையே பறிமுதல் செய்து, ஆயுள் தண்டனை கொடுத்துக் கோட்டையில் அடைத்திருக்கிறது. 1621-இல் மனைவி மரியாவின் யோசனைப்படி புத்தகப் பெட்டிக்குள் சுருண்டு படுத்துத் தப்பித்து, பாரிஸ் போய் அங்கிருந்து இதை எழுதியிருக்கிறார். பறிகொடுத்த மனுஷன் எப்படி அரசுக்கு இவ்வளவு இடம் கொடுத்தார்? தண்டனையாகப் பறிப்பது வேறு, பொது நன்மைக்கு எடுப்பது வேறு என்று பிரிக்கிறார். அம்மாவிடம் சொன்னேன். எனக்கென்னவோ ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது என்றாள்.

ஜூன் 16
பட்டா இன்னும் தாத்தா பெயரில். விஏஓ நாளைக்கு வரச் சொன்னார்.

ஜூன் 17
நாளைக்கு வரச் சொன்னார்.

ஜூன் 20
பிசிராந்தையார் பாட்டு எல்லோருக்கும் தெரியும், பட்ஜெட் உரையிலேயே வந்தது. அறுத்துக் கவளமாகக் கொடுத்தால் ஒரு மாகூட நிறையாத சின்ன நிலத்து நெல்லே யானைக்குப் பல நாள் வரும், தானே வயலில் புகுந்தால் தின்பதைவிட மிதிப்பது அதிகம். பாண்டியன் அறிவுடை நம்பிக்கு வரியைப் பற்றிச் சொன்ன புத்தி அது. அந்த யானை சாப்பிட்டுவிட்டாவது போய்விடும். வயலே வேண்டும் என்கிற யானைக்கு யார் பாடியிருக்கிறார்கள்?

ஜூன் 23
பழையதுக்குப் பதிலாக வந்த 2013 நில எடுப்புச் சட்டத்தில் சமூகத் தாக்க மதிப்பீடு என்று ஒன்று இருக்கிறது: எடுப்பதற்கு முன்னால் ஊரைக் கேட்க வேண்டும். படித்ததும் துள்ளிக் குதித்தேன். அப்புறம்தான் அதில் தமிழ்நாடு சேர்த்த 105-ஏ பிரிவு கண்ணில் பட்டது. தமிழ்நாட்டில் மாநில நெடுஞ்சாலைச் சட்டத்தின் கீழ் எடுத்தால் அந்த மதிப்பீடு கிடையாது.

ஜூன் 24
தனியார் சொத்தெல்லாம் சமூகத்தின் வளம் ஆகிவிடாது என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதி அமர்வு பெரும்பான்மையாகச் சொன்னது. மும்பைக்காரர்கள் 1992-இல் போட்ட வழக்கு. ரோட்டுக்கு அது உதவாது, தெரியும். 32 வருடம் காத்திருந்தவர்கள் என்ன செய்துகொண்டிருந்திருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

ஜூன் 27
நில எடுப்பு விசாரணையைத் தள்ளிப் போட்டிருக்கிறார்கள், தேதி சொல்லவில்லை. மத்தியானம் லைன்மேன் வந்து, புதுக் கம்பத்தை எங்கே நடுவது என்று அளந்துவிட்டுப் போனார்.