மூட்டை என்றால் எத்தனை கிலோ?

மன்னார்குடிப் பக்கம் எங்கள் உழவர் உற்பத்தியாளர் கம்பெனியில் மாப்பிள்ளைச் சம்பா, கருப்பு கவுனி, சீரகச் சம்பா விற்கிறோம். தை அறுவடை முடிந்த சமயம் பெங்களூரிலிருந்து ஒரு போன். "உங்க சைட்ல விலையே இல்லைன்னு என் ஏஐ சொல்லுது சார்." விலைப்பட்டியல் பிடிஎஃப்பாக முகப்பிலேயே கொட்டை எழுத்தில் கிடக்கிறது. எனக்குக் கோபம்தான் வந்தது.

அண்ணன் மகன் உட்கார்ந்து பார்த்தான். முதல் சிக்கல் ரோபோட்ஸ் கோப்பு. எந்த நிரல் உள்ளே வரலாம், எது கூடாது என்று சொல்ல 1994 முதல் இருக்கும் பழக்கமாம். சைட் போட்டுக்கொடுத்தவர் ஏஐ எதுவும் வரக்கூடாது என்று எழுதிவைத்திருந்தார். அதை மாற்ற இரண்டே நிமிடம்.

அப்புறமும் விலை தெரியவில்லை. "சித்தப்பா, இந்த பிடிஎஃப்ல ஒரு வரியைக் காப்பி பண்ணி நோட்பேடுல ஒட்டுங்க" என்றான். ஒட்டினேன். ஒரு எழுத்துகூடத் தமிழ் இல்லை. ஆங்கில எழுத்தும் அடைப்புக்குறியுமாகக் குப்பை. டிடிபி கடையில் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்தது. பார்வைக்குத்தான் தமிழ். எல்லாவற்றையும் எந்தக் கணினியும் தமிழாகவே படிக்கும் யூனிகோடில் திரும்ப அடித்து, அட்டவணையாக்கி, பெயர், எடை, விலை, இருப்பு என்று எது என்னவென்று நிரலுக்குச் சொல்லும் ஸ்கீமா குறிப்புகளும் சேர்த்தோம். நான்கு ராத்திரி போனது.

சோதித்தால், நமக்காக சைட்டைப் படித்துச் சொல்லும் ஏஐ ஏஜென்ட் மாப்பிள்ளைச் சம்பா கிலோ 104 ரூபாய் என்றது. எங்கள் விலை 100! பட்டியலில் 'மூட்டை ரூ.2,600' என்று மட்டும் இருந்தது. அது 25 கிலோ என்று எடுத்துக்கொண்டது. 2022 ஜூலையில் 25 கிலோ வரை பையிலடைத்து லேபிள் ஒட்டிய அரிசிக்கு 5% ஜிஎஸ்டி வந்ததும் பலரும் 26 கிலோவுக்குத் தாவினார்கள், நாங்களும்தான். ஏஜென்டைக் குற்றம் சொல்லி என்ன? கொள்முதல் நிலையத்தில் சிப்பம் 40 கிலோ, களத்தில் நெல் மூட்டை 60 கிலோ. நமக்கே இடம் பார்த்துத்தான் புரியும். இப்போது ஒவ்வொரு வரியிலும் கிலோ போட்டிருக்கிறோம்.

ஏஜென்டே நேராக ஆர்டர் போடும்படி எம்சிபி சர்வர், அதாவது ஏஐ நம் கணினியோடு நேராகப் பேசும் இணைப்பு, வைக்கலாம் என்றான் பையன். இயக்குநர் கூட்டத்தில் பெரியவர் ஒருவர், "பேசாம எப்படிய்யா அரிசி அனுப்புறது?" என்றார். சரி, இருப்பும் விலையும் மட்டும் கேட்கலாம், ஆர்டர் போனில்தான் என்று முடிவானது. எனக்கும் அதுதான் சரியென்று பட்டது.

பெங்களூர்க்காரர் திரும்பக் கூப்பிட்டார். விலை, எடை எல்லாம் சரியாகச் சொன்னதாம். "புது அரிசியா, பழசா சார்? அதை மட்டும் சொல்லலை."

அந்தக் கட்டத்தை நாங்கள் போடவே இல்லை.